பஸ்ஸக்கா சூழல் அளந்த கதை

பஸ்ஸக்கா என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தாளானால், எந்த ஊருக்கும் போக வேண்டிய அவசியம் இல்லாதவனுக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் என்ன என்று தோன்றும். "நாலாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக..." என்று அவள் இழுக்கிற இழுப்பில் ஓட்டை வண்டிக்கும் ஒரு களை வந்துவிடும். வழியனுப்ப வந்த ஒருவர் அந்தக் குரலில் மயங்கி வண்டியேறிப் போய், மறுநாள் திரும்பி வந்து, "அந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையேம்மா" என்று கூண்டைத் தட்டிச் சண்டை போட்டதாக ஒரு கதை உண்டு. கதையைப் பரப்பியது அவளேதான்.

ஒரு நாள் கூண்டுக்குள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டிக்குள் முகம் தெரியாத ஒருத்தியின் குரல். அதற்குத் தொண்டை கட்டாது, தண்ணீர் தாகம் எடுக்காது, ஓட்டுநரைக் கேலி பண்ணவும் தெரியாது. பெட்டி பேச ஆரம்பித்தது. பஸ்ஸக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்து அமைந்தது கல்வி ஆய்வு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. நிறுவனம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். டயர் கடைக்கு மேலே மாடி, முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, நடுவில் தண்ணீர்க் கேன். ஆனால் வேலைதான் விநோதம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அங்கே நிலவும் சூழலை அளந்து வர வேண்டும்.

"சூழல்னா? வெயிலா, மழையா?" என்றார் புருஷன். அவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர்.

"அதில்லைங்க. புள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கு வரப் பிடிக்குதா, பயமா இருக்கா, வாத்தியாருங்க மதிக்கிறாங்களா, பக்கத்துல உட்கார்றவன் நல்லவனா... இதெல்லாம் சேர்ந்ததுதான் சூழலாம்."

"இதுக்கு மீட்டர் எங்க இருக்கு?"

"நான்தான் மீட்டரு."

"சரிதான். நான் கரண்டை அளக்கறேன், நீ காத்தை அளக்கப் போற. குடும்பம் விளங்கிடும்."

நிறுவனத்தை நடத்தியவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். பஸ்ஸக்காவைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிச் சூழலுக்கு உலகத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாக இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அத்தனையையும் சொல்லிவிட்டு, "எதுவும் சரியில்லை" என்பார். கடைசியில் அவரே ஒன்று வைத்துக்கொண்டிருந்தார்: "ஒரு பையன் சொன்னா அது அவன் மனநிலை. வகுப்பே சொன்னா அது பள்ளியோட சூழல்."

"அப்ப வகுப்பே பஸ்ஸைத் தவறவிட்டுட்டு வந்து உட்கார்ந்திருந்தா சார்?" என்று பஸ்ஸக்கா பயிற்சி வகுப்பிலேயே கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். அவருக்கு யார் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்கிற வியாதி.

முறை இதுதான். சிறு பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் ஒரே வேகத்தில் படிக்க வராது. ஆகவே களப்பணியாளர் வகுப்பின் முன்னால் நின்று ஒவ்வொரு வாக்கியமாக வாசிக்க வேண்டும். 'என் பள்ளியில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.' 'ஆசிரியர்கள் எங்களை நியாயமாக நடத்துகிறார்கள்.' பிள்ளைகள் முழுக்கச் சரி என்பதிலிருந்து சுத்தமாக இல்லை என்பது வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் கோடு போட வேண்டும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. பஸ்ஸக்கா கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சத்தியமாகச் சொல்லலாம்.

அவளுக்கு ஜோடியாக இன்னொரு களப்பணியாளர் இருந்தார். நெட்டையான ஆள், தோள் இரண்டும் நனைந்த துணி காய்வதுபோலத் தொங்கும். நல்ல மனுஷன். கடன் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுப்பார். என்ன, காலை வணக்கம் சொன்னால்கூட நமக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பதறும். அவருக்கு முகாரி என்று பெயர் வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

வருஷம் முடிந்து கணக்குப் போட்டபோது டாக்டர் துள்ளிக் குதித்தார். சுவரில் ஒரு வரைபடம் மாட்டி ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குண்டூசி குத்தினார். சூழல் நன்றாக இருந்தால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. ரயில் பாதைக்குக் கிழக்கே அத்தனையும் பச்சை. மேற்கே அத்தனையும் சிவப்பு. வெற்றிலையில் ஒரு பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டதுபோல ஊர் நடுவில் பிரிந்து கிடந்தது.

"ரயில் பாதைதான் காரணம்" என்றார் டாக்டர். காற்று மேற்கு நோக்கி அடிக்கிறது, ரயில் சத்தத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகிறது, பிள்ளைகள் மனம் சஞ்சலப்படுகிறது. கருத்தரங்கில் பேசினார். கைதட்டினார்கள். "காற்றின் திசையும் கல்விச் சூழலும்" என்று ஒரு கட்டுரையே வந்தது. பஸ்ஸக்கா அதை வீட்டில் புருஷனிடம் வாசித்துக் காட்டினாள். அவள் வாசித்த அழகில் அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இதுவரை ஒரு வம்பும் இல்லை. வம்பு, மேற்கிலேயே மிகச் சிவப்பான குண்டூசி வழியாக வந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, பஸ்ஸக்காவின் நாத்தனார்.

நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் சிக்கலே. கெட்டவளாக இருந்தால் சண்டை போடலாம். அவள் ஒழுங்கானவள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, தட்டிப் போட்ட சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். பஸ்ஸக்காவின் கல்யாணத்தன்று, "நல்லா இருங்க" என்று அவள் வாழ்த்தியது, இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது. ஒரு முறை ஒரு வாரம் வந்து தங்கினாள். சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினாள். துண்டுகளை ஒரே அளவில் மடித்தாள். தம்பி எப்படி உட்கார்ந்தால் முதுகு வளையாது என்று சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸக்கா ஒரு ஜோக் சொன்னால், கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி. அப்புறம் என்ன ஆச்சு?" என்பாள். அந்த ஒரு வாரத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சுவர்க்கடிகாரம்கூட யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது.

நல்லவேளையாக, தலைமையாசிரியைக்குப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. தனிக்கட்டை. அங்கேயே அவள் ராஜ்ஜியம்.

அன்று சாயங்காலம் புருஷன் செருப்பைக் கழற்றாமலேயே சொன்னார். "அக்கா போன் பண்ணிச்சு. உங்க ஆளுங்க அளந்ததுல அவ ஸ்கூல் கடைசியாம். மேலிடத்துல கூப்பிட்டுக் கேட்டாங்களாம். லீவு முடியறதுக்குள்ள அவளை இங்க டவுன் ஆபீசுக்கு மாத்தப் போறாங்களாம்."

"அய்யோ பாவம்" என்றாள் பஸ்ஸக்கா, காய் நறுக்கிக்கொண்டே.

"டவுன் ஆபீஸ்ல குவார்ட்டர்ஸ் கிடையாது."

கத்தி நின்றது.

"நம்ம வீடு இருக்கேன்னு சொன்னேன்" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "கூடப்பிறந்தவளை வேற எங்க போன்னு சொல்றது?"

"எவ்வளவு நாளைக்கு?"

"ரிட்டையர் ஆகற வரைக்கும்."

பஸ்ஸக்கா தன் இரண்டு அறை வீட்டைச் சுற்றும்முற்றும் பார்த்தாள். டப்பாக்கள் இஷ்டத்துக்கு இருந்தன, ஒன்றுக்கு மூடியே இல்லை. ஒவ்வொன்றும் அவளை நிராதரவாகப் பார்த்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக முகாரியை டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் மடக்கினாள்.

"அண்ணே, எங்க அண்ணி ஸ்கூல்ல போய் என்னண்ணே பண்ணீங்க?"

"நான் என்னம்மா பண்ணேன்? வாசிச்சேன்."

"அங்க புள்ளைங்க எப்படி?"

"நல்ல புள்ளைங்கதான். உள்ள போறப்ப ஓடியாடிட்டு இருந்தாங்க. நான் வாசிக்க வாசிக்க அப்படியே அமைதி ஆயிட்டாங்க. ஒரு பொண்ணு அழுதுச்சு."

பஸ்ஸக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ தட்டியது. "அண்ணே, அங்க வாசிச்ச மாதிரியே இப்ப ஒண்ணு வாசிங்க பார்ப்போம்."

முகாரி கண்ணாடி டம்ளரை வைத்தார். தொண்டையைச் செருமினார். "என்... பள்ளியில்... எனக்கு... நண்பர்கள்... இருக்கிறார்கள்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினார். "யாருண்ணே போயிட்டாங்க?"

பஸ்ஸக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு இன்னொன்று உறைத்தது, சிரிப்பு நின்றுபோனது. முகாரி போன இடமெல்லாம் சிவப்பு என்றால், அவள் போன இடமெல்லாம் பச்சை. வகுப்பில் நின்று 'ஆசிரியர்கள் எங்களை நியாயமாக நடத்துகிறார்கள்' என்று அவள் வாசித்தபோது, அது நாலாவது நடைமேடையிலிருந்து ஏதோ சொர்க்கத்துக்குப் புறப்படுகிற வண்டிபோல இருந்திருக்கும். பிள்ளைகள் ஓடிப்போய் ஏறியிருக்கிறார்கள்.

"ஏம்மா, அப்ப நீ மட்டும் ஏன் எப்பவும் கெழக்கயே போற?" என்றார் முகாரி, அவரும் மெல்ல யோசித்தபடி.

"நீங்க மேற்க போறதால நான் கெழக்க போறேன். நீங்க ஏன் மேற்க போறீங்க?"

"கெழக்க போக ரயில் மேம்பாலம் ஏறணும். என் ஸ்கூட்டர் ஏறாதும்மா. பாதியில நின்னுடும்."

உண்மையைச் சொன்னால் முகாரியின் சிவப்பு மட்டும் போகாது, அவளுடைய பச்சையும் போகும். சிறந்த களப்பணியாளர் என்று டாக்டர் போன மாதம்தான் எல்லார் முன்னாலும் பாராட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்திருந்தார். பேசாமல் இருந்தால் பெயர் மிஞ்சும். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நாத்தனார் உட்கார்ந்திருப்பாள், ரிட்டையர் ஆகும் வரைக்கும். பஸ்ஸக்கா டீயைக் குடித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டாள். பெயர் போனால் இன்னொரு பெயர் சம்பாதிக்கலாம்.

ஆனால் டாக்டரிடம் நேரே போய்ச் சொன்னால் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆகவே வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"சார், ஊரெல்லாம் போய் அளக்கறோம். நம்ம ஆபீஸ் சூழலை யாரும் அளக்கலையே?"

டாக்டரின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. அவரிடம் கேள்வித்தாள் என்று சொன்னாலே போதும். பள்ளி என்று வருகிற இடமெல்லாம் அலுவலகம் என்று மாற்றி, மத்தியானத்துக்குள் அச்சடித்தாயிற்று. முன்னறையில் பாதிப் பேர். அவர்களுக்கு முகாரி வாசிப்பார். பின்னறையில் மீதிப் பேர், அவர்களுக்கு பஸ்ஸக்கா. டாக்டர் முன்னறையில் தானும் ஓர் ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முன்னறையிலிருந்து சத்தமே வரவில்லை. வெளியே வந்தபோது கணக்காளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தட்டச்சுக்காரப் பெண், "இத்தனை நாள் இங்க எப்படி இருந்தேன்னே தெரியலை" என்றாள். டாக்டரின் கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது. 'இங்கே என் உழைப்பை மதிக்கிறார்கள்' என்பதற்கு அவர், முதலாளியே அவர்தான் என்பதையும் மறந்து, சுத்தமாக இல்லை என்று கோடு போட்டிருந்தார்.

இரண்டு அறைத் தாள்களையும் கூட்டிப் பார்த்தார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மோட்டுவளையைப் பார்த்தார்.

"முன்னறைக்குத் தெருச் சத்தம் வருது" என்றார். "டயர் நாத்தமும் இங்கதான். காத்து இந்தப் பக்கமா..."

"சார்" என்றாள் பஸ்ஸக்கா. "ஆளுங்களை இருந்த இடத்துலயே உட்கார வைங்க. நாங்க ரெண்டு பேரும் மட்டும் மாறிக்கறோம்."

மாறினார்கள். இப்போது முன்னறையில் சிரிப்பு. மூக்கு உறிஞ்சிய கணக்காளர் எல்லாருக்கும் பஜ்ஜி சொல்லி அனுப்பினார். பின்னறையில் சற்று முன் வயிறு வலிக்கச் சிரித்தவர், அப்பாவுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்று எழுந்து போனார்.

டாக்டர் வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். ரயில் பாதையின் மேல் விரலை ஓட்டினார்.

"அப்ப ரயில் பாதை?"

"அது ரயிலுக்கு சார்."

"கிழக்கு, மேற்கு?"

"அண்ணன் ஸ்கூட்டர் மேம்பாலம் ஏறாது சார்."

முகாரி ஆமோதித்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பிலேயே ஒரு சாவுக்களை இருந்தது.

டாக்டர் உடைந்து உட்கார்ந்துவிடுவார் என்று பஸ்ஸக்கா நினைத்தாள். சுவர்க்கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றும் நினைத்தாள். அவரோ மெல்ல மெல்லப் பிரகாசமானார். "இது பெரிய விஷயம் அக்கா! நாம பள்ளியை அளக்கவே இல்லை. உங்க ரெண்டு பேரையும் ஒரு வருஷமா துல்லியமா அளந்திருக்கோம்!" குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், அடுத்த கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டார். மேலிடத்துக்கு அன்றே எழுதினார்: அளந்தது செல்லாது, மறுபடி அளக்கும்வரை யாரையும் எங்கேயும் மாற்ற வேண்டாம்.

பஸ்ஸக்கா மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினாள். வீட்டுக்குப் போனதும் மூடியில்லாத டப்பாவை எடுத்து முத்தமே கொடுத்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவளுக்கு நல்லது. ஆனால் மறுபடி அளக்க வேண்டுமே, யார் வாசிப்பது? ஒரே குரலை ஒரு பெட்டியில் பதிவு செய்து எல்லாப் பள்ளிகளிலும் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். பெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் பஸ்ஸக்காவுக்குப் பழைய கூண்டு கண்ணில் வந்து போனது. அவள் குரல் ஆகாது, முகாரி குரல் கூடவே கூடாது. டாக்டர் தானே வாசித்துப் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியமும் கேள்வியாக முடிந்தது. டயர் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் எதை வாசித்தாலும் விலை சொல்வதுபோல இருந்தது.

அந்த வாரத்தில்தான் நாத்தனார் நேரில் வந்தாள். மாற்றல் நின்றது தெரிந்தும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போக வந்திருந்தாள். டாக்டர் முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்து சொன்னாள்: "என் பள்ளியைப் பற்றித் தப்பாக எழுதியிருந்தீர்கள். அது எனக்கு மிகவும் வருத்தம். பிறகு நீங்களே திருத்தினீர்கள். அது எனக்கு மிகவும் சந்தோஷம்."

வருத்தம் எது, சந்தோஷம் எது என்று குரலை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"மேடம், தயவுசெஞ்சு இன்னொரு தரம் சொல்லுங்க."

தண்ணீர்க் கேன் அருகே நின்ற பஸ்ஸக்காவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று டாக்டருக்குக் கண்ணால் காட்டினாள். டாக்டர் அதையும் குறித்துக்கொண்டாரோ என்னவோ, நிறுத்தவில்லை.

"வகுப்புக்கு ஒரு தாளா பதிவு பண்ணணும் மேடம். சரிபார்க்கணும், திருப்பிப் பதியணும். லீவு முழுக்க ஆகும். இங்க டவுன்ல தங்க வசதி இருக்கா?"

"என் தம்பி வீடு இருக்கிறது" என்றாள் நாத்தனார்.

பகலில் டயர் கடை மாடியில் பதிவு. சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. டப்பாக்கள் முதல் நாளே உயர வரிசைக்குப் போயின. மூடியில்லாததற்கு மூடி வந்தது. புருஷன் முதுகு வளையாமல் உட்கார்ந்து, மீட்டர் பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

"இங்கே நான் இருப்பது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது" என்று நாத்தனார் ஒரு நாள் வாசித்தாள். வாசித்துவிட்டுத் தாளை இறக்கி பஸ்ஸக்காவைப் பார்த்தாள். "நீ சொல்லு. சரியா இருக்கா?"

வாசிப்பைக் கேட்கிறாளா, வேறெதையாவது கேட்கிறாளா? அந்தக் குரலில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"நடுக் கட்டம் அண்ணி" என்றாள் பஸ்ஸக்கா.

நாத்தனார் தாளை மறுபடி தூக்கினாள். "போன தடவை வந்தப்ப கடைசிக் கட்டம் போட்டிருப்பே."

அது ஜோக்தானா என்று புரிவதற்குள் அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். பஸ்ஸக்காவுக்கு அன்று தூக்கம் வரும் நேரத்தில்தான் சிரிப்பு வந்தது.

பள்ளி திறந்ததும் நாத்தனார் தன் குடியிருப்புக்குத் திரும்பினாள். பஸ்ஸக்கா கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து டாக்டர் கிழக்குக்கும் மேற்குக்கும் சேர்த்தே அனுப்பினார். முகாரிக்கு இனி அலுவலகத்தில் தாள் எண்ணுகிற வேலை. அவருடைய ஸ்கூட்டருக்கும் அதுவே நிம்மதி.

முதல் பள்ளி. பஸ்ஸக்கா வகுப்பின் முன்னால் பெட்டியை வைத்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது புது விதி. பெட்டிக்குள்ளிருந்து நாத்தனார் பேசினாள்: "என் பள்ளியில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்." பிள்ளைகள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, அவரவர் நண்பர்களை எண்ணிப் பார்த்துக் கோடு போட்டார்கள். "ஆசிரியர்கள் எங்களை நியாயமாக..."

பஸ்ஸக்கா கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கினாள். நாத்தனார் பாதி வாக்கியத்தில் நின்றாள்.

வகுப்பு நிமிர்ந்து பார்த்தது. பஸ்ஸக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தனக்கு எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கப் பிடித்ததோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு போனால் போகிறதென்று மறுபடி அமுக்கினாள்.